கம்ப்யூட்டர் கேட்ட ரோடு

மஸ்கெலியா பஸ்ஸில் முப்பத்தொரு பேர் நின்றோம். எனக்கு முன்னால் இருவர், பேப்பரில் சுற்றிய பலகையொன்றைப் பிடித்திருந்தார்கள்.

"கம்ப்யூட்டருக்காக ஒரு ரோடு போட்டேன் மச்சான்."

"என்னடா சொல்ற?"

"லொறி கம்பெனிக்கு சீட் கவர் தைக்கிறேன்ல, இனி கம்ப்யூட்டர்ல பதிஞ்சாத்தான் ஓடர் தருவாங்களாம். அது ரோட்டுப் பேரு கேட்டுச்சு. தோட்டத்து லயத்துக்கு ஏது ரோடு? பொண்டாட்டி பேரப் போட்டேன், ஒத்துக்கிருச்சு. நாளைக்கு எடம் பாக்க வாராங்க. ரோடு இல்லாட்டி ஓடர் போச்சு."

"அதான் பலகையா?"

"'சரோஜா ரோடு', மூணு மொழியிலயும்."

"வீட்டு நம்பரு?"

"ஒண்ணுன்னு போடப் போனேன். அவதான் நாப்பத்தேழுன்னு போடச் சொன்னா. ரோடு நீளமா இருக்கட்டுமாம்."

நோர்வூட்டில் இறங்கிவிட்டார்கள். ஒரு லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு வீடுதான். மிச்சம் முப்பத்தைந்துக்கு நாளைக்குள் எங்கே போவார்கள் என்று மஸ்கெலியா வரை யோசித்துக்கொண்டே போனேன்.