பட்டன் எந்தப் பக்கம்?

ஸ்டோர்காரர்: ...இல்லம்மா, யூனிஃபார்ம் தரமாட்டேன்னு சொல்லல. தர முடியாதுன்னு சொல்றேன்.

டிரைவரம்மா: ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?

ஸ்டோர்காரர்: மொதல்ல சொன்னது என் மனசு. அடுத்தது ரூலு.

டிரைவரம்மா: ஆறு பத்துக்கு பஸ்ஸ எடுக்கணும் சார். மொத நாளே லேட்டுன்னா, "அப்பவே சொன்னோம்ல"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க.

ஸ்டோர்காரர்: புரியுது. ஆனா இந்த டிப்போவுக்கு நீதான் மொதப் பொம்பள டிரைவர். லேடீஸ் சட்டைக்கு எழுதிப் போட்டிருக்கேன்... மூணு மாசத்துல வந்துடும்.

டிரைவரம்மா: மூணு மாசமா! அதோ, பின்னாடி அடுக்கி வச்சிருக்கீங்களே...

ஸ்டோர்காரர்: அது ஜென்ட்ஸ்.

டிரைவரம்மா: சட்டைதானே சார்!

ஸ்டோர்காரர்: என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? ஆம்பளைக்குப் பட்டன் வலப்பக்கம், பொம்பளைக்கு இடப்பக்கம். மாத்திக் குடுத்தேன்னு ஆடிட்டுல எழுதிட்டா என் கதி?

டிரைவரம்மா: ஏன் அப்படி வச்சாங்களாம்?

ஸ்டோர்காரர்: அந்தக் காலத்துச் சீமாட்டிங்களுக்கு வேலைக்காரி எதிர்ல நின்னு போட்டு விடுவாளாம். அவ கைக்குத் தோதா இருக்கணும்னு... அப்படித்தான் சொல்றாங்க.

டிரைவரம்மா: எனக்கு யார் சார் போட்டு விடப் போறா?

ஸ்டோர்காரர்: ஆம்பளைக்கு வாள் உருவ வசதியா...

டிரைவரம்மா: உங்க டிரைவருங்க வாள் வச்சிருக்காங்களா?

ஸ்டோர்காரர்: ...ஹாரன் வச்சிருக்காங்க.

டிரைவரம்மா: ஒண்ணு கேக்கறேன், கோவப்படக் கூடாது. நீங்க போட்டிருக்கறது இந்த ஸ்டோர் சட்டைதானே?

ஸ்டோர்காரர்: ஆமா, அதுக்கென்ன?

டிரைவரம்மா: பட்டன் எந்தப் பக்கம்னு குனிஞ்சு பாருங்க.

ஸ்டோர்காரர்: அது... இடப்பக்கம்.

டிரைவரம்மா: கேட்டுல நிக்கற வாட்ச்மேனுக்கும் இடப்பக்கம். டீ குடிச்சிட்டிருந்த ஏழெட்டு டிரைவருக்கும்...

ஸ்டோர்காரர்: மெதுவாம்மா! கதவச் சாத்து.

டிரைவரம்மா: அப்ப உங்களுக்குத் தெரியும்!

ஸ்டோர்காரர்: பிரிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுத் தொலச்சிட்டேன். அறுநூறு சட்டை, அத்தனையும் இடப்பக்கம். திருப்பி அனுப்பினா நான் மாட்டுவேன். கமுக்கமா எல்லாருக்கும் குடுத்துட்டேன். ரெண்டு வருசமாச்சு... ஒருத்தன் வாயத் தொறக்கல.

டிரைவரம்மா: ஒருத்தர் கூடவா?

ஸ்டோர்காரர்: ஒருத்தன் வந்தான். காலர் இறுக்குதுன்னு.

டிரைவரம்மா: அப்ப அங்க இருக்கறது லேடீஸ் சட்டைதான். ரூல்படியே தரலாமே!

ஸ்டோர்காரர்: ரிஜிஸ்டர்ல ஜென்ட்ஸ்னு இருக்கேம்மா! உனக்கு லேடீஸ்னு எழுதிக் குடுத்தா, மத்தவன்லாம் என்னத்தப் போட்டிருக்கான்னு கேக்க மாட்டாங்க?

டிரைவரம்மா: ஜென்ட்ஸ்னே எழுதுங்க சார். நான் மூச்சு விடமாட்டேன்.

ஸ்டோர்காரர்: சத்தியமா?

டிரைவரம்மா: சத்தியமா.

ஸ்டோர்காரர்: இந்தா, முப்பத்தெட்டு சைஸ். போட்டுட்டு ஓடு... இரு, இரு. இத்தனை பேர் கண்ணுல படாதது, உள்ள நுழைஞ்ச அஞ்சு நிமிசத்துல உனக்கு மட்டும் எப்படிப் பட்டுது?

டிரைவரம்மா: அந்த அறுநூறு சட்டைக்கும் தையல் கம்பெனில பக்கம் மாத்திக் காஜா அடிச்சவளே நான்தான் சார். லோடு போனப்பறம்தான் சூப்பர்வைசருக்கே தெரிஞ்சுது. "திரும்பி வரட்டும், அன்னிக்கே உன் சீட்டக் கிழிக்கறேன்"னாரு. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பயந்து பயந்தேதான் டிரைவிங் கத்துக்கிட்டேன்.