பூதக்குகை காலி

— இது என்னம்மா விளையாட்டு, என் மடி மேல இறக்கின கம்பியைத் தூக்கு.

— தூக்க வராதுண்ணே. நாலாம் நம்பர் பெட்டி இது. ஒரு தடவை இறங்கின கம்பி, அடியில ஸ்பேனரை விட்டு நெம்பினாத்தான் விடும். அதை எனக்குச் சொன்னதே நீங்கதான்.

— அப்ப அந்த ஸ்பேனரை இப்படிக் கொடு.

— என் கையிலேயே இருக்கட்டும். நீங்க அசையாதீங்க. அசைய அசைய ஒவ்வொரு பல்லா உள்ள இறங்கும்.

— வயித்தை அமுக்குது தாயே. 'பூதக்குகையை இடிக்கிறதுக்கு முன்னால என் வீட்டுக்காரர் செத்த இடத்தை ஒரு தடவை பாக்கணும், கூட வாங்கண்ணே'ன்னு கண்ணைக் கசக்கினியேன்னு வந்தேன். 'நிக்காதீங்க, இந்தப் பெட்டியில உக்காருங்க'ன்னியேன்னு உக்காந்தேன். உக்காந்த உடனே கம்பியை இழுத்துவிட்டு அது மேலேயே ஏறி மிதிச்சா என்ன அர்த்தம்?

— மணி பத்து இருபதுன்னு அர்த்தம். பத்தரைக்கு பொக்லைன் முன்வாசலை இடிக்க ஆரம்பிக்கும். உள்ள ஆள் இல்லன்னு பார்த்துச் சொல்றது யார் வேலை? என் வேலை. டிக்கெட் கவுண்டரை மூடின கையோட, ஆளை வெளியேத்துற டியூட்டின்னு சொல்லி இந்த வாக்கி டாக்கியைக் கையில திணிச்சாங்க. நான் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பத்து நிமிஷத்துல கூரை உங்க மடியில.

— உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?

— மூணு வருஷம் லேட்டா விசாரிக்கிறீங்க. ரொம்ப சந்தோஷம்.

— யாராவது வாங்களேன்! மேனேஜர் சார்! டேய், யாராவது!

— நல்லா கத்துங்க. ரெண்டடி கனத்துக்கு சிமெண்ட்டு. உள்ள பூதம் அலறுறது வெளிய வரிசையில நிக்கிற குழந்தைங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு கட்டினது. கத்தி முடிச்சாச்சா?

— என்னதான் வேணும் உனக்கு?

— மூணு வருஷம் முன்னால ஒரு செவ்வாக்கிழமை. பார்க் இன்னும் திறக்கல. காலையில எட்டரை மணி. என் வீட்டுக்காரர் இதோ, இந்தத் தண்டவாளத்துல குனிஞ்சு கிரீஸ் வச்சுக்கிட்டிருந்தார். பெட்டி வந்து தலையை நசுக்குச்சு. பெட்டியை விட்டது யாரு?

— அதான் அன்னிக்கே எழுதிக்கொடுத்தாச்சே. குடிச்சுட்டு, யார்கிட்டயும் சொல்லாம உள்ள போயிட்டான். பெட்டி சோதனை ஓட்டத்துக்குக் கிளம்புச்சு. அவன் விதி தாயே, அதுக்கு யார் என்ன—

— இது முழங்காலுக்கு.

— அய்யோ! அம்மா! அடிப்பாவி!

— அவர் குடிக்க மாட்டார். பதினோரு வருஷம் அந்த மனுஷனோட குடும்பம் நடத்தியிருக்கேன். இருமல் மருந்து ரெண்டு மூடி குடிச்சாலே தலை சுத்துதுன்னு படுத்துக்கிற ஆளு.

— சட்டையில வாடை அடிச்சுதே! ஊரே பார்த்துச்சே!

— இன்னொரு முழங்கால் பாக்கி இருக்கு உங்களுக்கு. யோசிச்சுப் பேசுங்க.

— மேடம், மேடம், பொக்லைன்ல இருந்து பேசறேன். ஆரம்பிச்சுடலாங்களா?

— வாயைத் திறந்தீங்க, கம்பி மேல ஏறி நின்னுடுவேன்... சொல்லுங்க தம்பி. இன்னும் ஒரு பத்து நிமிஷம். பின்பக்கம் ஒரு சுத்து பார்த்துட்டுச் சொல்றேன்.

— ரைட்டுங்க மேடம். பெரிய பூதத்தோட தலையை மட்டும் உடையாம இறக்கச் சொல்லியிருக்கார் மேனேஜர். புது ரைடு வாசல்ல வைக்கப்போறாங்களாம். ஜனங்க பக்கத்துல நின்னு போட்டோ பிடிச்சுக்க.

— பத்திரமா இறக்குங்க தம்பி. தலையாச்சே.

— ரைட்டுங்க மேடம்.

— கேட்டீங்களா சுவிட்சண்ணே? தலையை உடையாம இறக்கணுமாம். போன வாரம் பூரா பார்த்தீங்கல்ல கூட்டத்தை? 'சின்ன வயசுல வந்தோம், இதை இடிக்கிறாங்களே'ன்னு வந்து வந்து அழுதாங்க. ஒருத்தி எலும்புக்கூட்டைக் கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுத்தா. நான்தான் டிக்கெட் கிழிச்சுக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் செத்த மறுநாள் மத்தியானம் ரைடு ஓடுச்சு. ஒரு நாளுக்கு மேல நிறுத்தலை. தண்டவாளத்தைக் கழுவிவிட்டுட்டு ஓட்டினீங்க.

— நானா நிறுத்தக் கூடாதுன்னேன்? மேலிடத்து உத்தரவு.

— அவர் ரத்தம் இந்தப் பலகை இடுக்குல இன்னும் இருக்கும். இன்னிக்குச் சாயங்காலம் அதையும் வாரிக் கொட்டிடுவாங்க. அப்புறம் இங்க ஒரு ரயிலு, ஏழு தடவை தலைகீழா சுத்துமாம். யார்கிட்ட போய் என்னத்தைக் கேக்கறது நான்? அதான் இன்னிக்கே கேக்கறேன். யாரு?

— மேனேஜர். மேனேஜர்தான் விட்டார், போதுமா?

— கையை நீட்டுங்க.

— எதுக்கு? வேணாம்மா. வேணாம், தாயே, வேணா— ஆ! விரலு! என் விரலு!

— எட்டரைக்கு மேனேஜர் கார் கதவைத் திறந்து இறங்கினார். என் கவுண்டர் ஜன்னலுக்கு நேரா. நான் வணக்கம் வச்சேன். அப்புறம்தான் திறந்திருந்த கதவு வழியா உள்ள இருந்து சத்தம் கேட்டுச்சு. இன்னும் ஒம்போது விரல் இருக்கு, ஒம்போது பொய் சொல்லலாம்.

— நீ பொம்பளையா பேயா?

— போன மாசம் என் மக, கூடப் படிக்கிற பொண்ணு கன்னத்தைக் காம்பஸால கிழிச்சுட்டா. ஏழு தையல். ஏண்டி இப்படிப் பண்ணேன்னு கேட்டா, 'குடிகாரன் பொண்ணுன்னு சொன்னாம்மா'ங்கறா. பன்னெண்டு வயசு. சாப்பிட மாட்டேங்கறா, பேச மாட்டேங்கறா. 'அப்பா நிஜமாவே குடிச்சிருந்தாராம்மா'ன்னு அது ஒண்ணையே கேக்கறா. இல்லடின்னா நம்ப மாட்டேங்கறா. இன்னிக்கு வீட்டுக்குப் போகும்போது நிஜத்தைக் கொண்டுட்டுப் போகணும். இல்லன்னா நீங்க போக முடியாது. இவ்வளவுதாண்ணே விஷயம்.

— சரி. சரி. சொல்றேன். ஸ்பேனரைக் கீழே வை.

— வைக்க மாட்டேன். சொல்லுங்க.

— நான்தான்.

— என்ன நான்தான்?

— பட்டனை அமுக்கினது நான்தான். ஆனா அவன் 'காலி'ன்னு கத்தினான் தாயே. இந்த ரெண்டு காதால கேட்டேன்.

— காலின்னாரா? தலையைத் தண்டவாளத்துல வச்சுக்கிட்டு எவனாவது காலின்னு கத்துவானா?

— கேளு. உனக்கும் தெரியும் நம்ம வழக்கம். அப்பல்லாம் வாக்கி ஏது? உள்ள போனவன் வேலையை முடிச்சு ஒதுங்கி நின்னுட்டு 'காலி'ன்னு குரல் கொடுக்கணும். சுவிட்சுல இருக்கிறவன் 'காலியா'ன்னு திருப்பிக் கேக்கணும். அவன் மறுபடியும் 'காலி, காலி'ங்கணும். அப்புறம்தான் பெட்டியை விடணும்.

— நீங்க திருப்பிக் கேட்டீங்களா?

— கேக்கல.

— ஏன்?

— கேக்கறதே இல்ல. பத்து வருஷமா கேக்கல. ஒரு காலி காதுல விழுந்தா அமுக்கிடுவேன். அன்னிக்குப் பெரிய ஃபேன் வேற கடகடன்னு ஓடுது. அவன் ஏதோ சொன்னான், அதுல கடைசியா காலின்னு விழுந்துச்சு. அமுக்கிட்டேன். அப்புறம் ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தா... அவன் கைக்குப் பக்கத்துல டார்ச்சு கிடக்குது. ஆன் பண்ணித்தான் இருக்கு, ஆனா எரியல. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அவன் கத்தினது 'பேட்டரி காலி'. இருட்டுல ஒண்ணும் தெரியல, வேற பேட்டரி கொண்டான்னு கூப்பிட்டிருக்கான்.

— பேட்டரி காலி.

— ஆமா. முன்வார்த்தையை ஃபேன் முழுங்கிடுச்சு.

— இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உங்க காலை உடைச்சிருக்க மாட்டேனே அண்ணே. தப்பு நடந்துபோச்சுன்னு அழுதுட்டுப் போயிருப்பேனே. குடிச்சான்னு ஏன் சொன்னீங்க?

— மேனேஜர் சொன்னார். 'காலின்னு கேட்டேன்னு சொன்னா நீ ஜெயிலுக்குப் போவ, பார்க்கை இழுத்து மூடுவாங்க, முன்னூறு பேர் வீட்டுல அடுப்பு எரியாது'ன்னார். அவர் ரூமுல ஒரு பாட்டில் இருந்துச்சு. மூடியைத் திறந்தது அவர்.

— ஊத்தினது?

— தாயே...

— ஊத்தினது யாரு?

— நான். சட்டையில. வாயிலயும் கொஞ்சம்.

— எந்த வாயில? துணியை விலக்கி எனக்குக் காட்டினப்போ வாய்னு ஒண்ணு இருக்கலையே அண்ணே. நீங்க எங்க தேடி ஊத்தினீங்க?

— அப்படிப் பாக்காதே. என்னை அடி. எவ்வளவு வேணாலும் அடி.

— எங்க கல்யாணத்துக்கு வந்து பந்தியில முதல் ஆளா உக்காந்தவர் நீங்க. சட்டையில ஊத்திட்டு, அதே கையால என் மக தலையைத் தடவிக் கொடுத்தீங்க. ஒண்ணு.

— ஆ! ஏறாதே! மூச்சு... மூச்சு முட்டுது!

— ரெண்டு. இனிமே பல்லு இல்ல, அடியோட உக்காந்துடுச்சு. தம்பி, பொக்லைன் தம்பி, கேக்குதா?

— சொல்லுங்க மேடம். நீங்க வெளிய வந்துட்டீங்களா?

— பின்வாசல்ல நிக்கிறேன். ஆரம்பிங்க.

— டேய்! டேய் தம்பி! உள்ள நான் இருக்கேன்டா!

— மேடம், ஏதோ குரல் கேட்டாப்ல இருந்துச்சே?

— என் குரல்தான் தம்பி. இந்தச் செவுத்துல பட்டுத் திரும்புது. நீங்க வேலையைப் பாருங்க.

— ரைட்டுங்க மேடம்.

— நீயும் உள்ளதானே இருக்க, கிறுக்கி! ரெண்டு பேருமே செத்துடுவோம்!

— பின்வாசல் இருபது அடி. எனக்கு முழங்கால் நல்லா இருக்கு. கேக்குதா? அது முன்வாசல் தூணு. அடுத்தது எலும்புக்கூடு, அப்புறம் கிணறு, அப்புறம் நீங்க. நான் வர்றேண்ணே.

— போகாதே! உன் காலைப் பிடிக்கிறேன், போகாதே! கொல்லணும்னு செஞ்சேனா? அவன் டார்ச்சு மட்டும் எரிஞ்சிருந்தா அவன் கத்தியிருக்கவே மாட்டான்! மூணு வருஷமா அதைத்தான் தாயே நினைச்சு நினைச்சு சாகறேன். முந்தின நாள் சாயங்காலம்தான் ஸ்டோர்ல வாங்கி, என் கையால அவன் டார்ச்சுல ரெண்டு புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். ஒரே நாள்ல அது எப்படித் தீரும்?

— புது பேட்டரியா?

— கவரே அப்பத்தான் பிரிச்சேன். செவப்புக் கலரு.

— என்ன கலரு?

— செவப்பு! தூசி கொட்டுது பாரு, வாக்கியை எடு!

— நாய் பொம்மை.

— என்னது?

— குரைச்சுக்கிட்டே நடக்கிற நாய். என் மக பிறந்தநாளுக்கு அவர் வாங்கினது. நீங்க பேட்டரி போட்டுக் கொடுத்த அன்னிக்குச் சாயங்காலம் அது நின்னுபோச்சு. ஒரே அழுகை. அவர் குளிக்கப் போயிருந்தார். 'அப்பா டார்ச்சுல புதுசு செவப்பா இருக்கும்மா, எடுத்துக்கட்டுமா'ன்னா. நான் மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். எடுத்துக்கடின்னேன். அவளே மூடியைத் திருகி எடுத்தா. நாய்ல இருந்த தீர்ந்ததை அவளே டார்ச்சுல போட்டு மூடினா.

— கிணத்துச் செவுரு விழுது! தாயே, அதெல்லாம் அப்புறம்!

— 'அப்பாகிட்ட சொல்லாதம்மா'ன்னா. நானும் சிரிச்சுட்டு சொல்லல.

— உன் மகளை நினைச்சாவது அதைச் சொல்லு! நிறுத்தச் சொல்லு!

— தம்பி! நிறுத்துங்க தம்பி! உள்ள ஆள் இருக்கு! நிறுத்துங்க!

— ஐயய்யோ! நிறுத்திட்டேங்க, நிறுத்திட்டேங்க மேடம்! ஆளா? யாருங்க? அடி கிடி பட்டுடுச்சா?

— உயிரோட இருக்கார். ஆம்புலன்ஸுக்கு மட்டும் சொல்லுங்க. அசையாதீங்கண்ணே, ஸ்பேனரை விடறேன். நெம்பறேன். இப்ப மூச்சு வருதா?

— வருது... வருது. அம்மாடி.

— என் தோளைப் பிடிச்சு எழுந்திருங்க. அந்தக் காலை ஊனாதீங்க.

— நீ அழாதே. கேளு. என் கால் போனது போகட்டும். ஆம்புலன்ஸ்ல ஏறினதுமே போலீஸுக்குச் சொல்லிடறேன். அதுக்கப்புறம் உன் வீட்டுக்கு வந்து, உங்கப்பன் ஒரு சொட்டு குடிக்கல தாயேன்னு அந்தப் புள்ள முன்னாடி விழறேன். நான் காலின்னு தப்பா கேட்டுட்டேன்னு சொல்றேன். இனிமே என்னால சுமக்க முடியாது.

— அப்பா ஏன் காலின்னு கத்தினார்னு கேப்பா.

— டார்ச்சு எரியலன்னு சொல்வேன்.

— ஏன் எரியலன்னு கேப்பா. விட மாட்டாண்ணே, என்னை மாதிரி. நாய் பொம்மையை இன்னும் அலமாரியில வச்சிருக்கா. அப்பா கடைசியா வாங்கிக் கொடுத்ததுன்னு தொடவே விட மாட்டேங்கறா.

— அய்யோ.

— வெளிச்சம் வருது பாருங்க, ஆளுங்க வந்துட்டாங்க. உங்களை அடிச்சது நான்தான்னு நானே சொல்லிடறேன். புருஷன் போனதுல புத்தி கலங்கிப்போச்சுன்னு எழுதிக்கட்டும். நீங்க மட்டும் எதையும் சொல்லிடாதீங்க.

— அப்ப அந்தப் புள்ள கேட்டா, உங்கப்பன் எப்படிச் செத்தான்னு நான் என்னதாம்மா சொல்றது?

— குடிச்சிருந்தார்ணே. குடிச்சுட்டு, யார்கிட்டயும் சொல்லாம உள்ள போயிட்டார்.