செம்படாக் கன்றுகள் போன வழி

– லோஷினி! லோஷினி, கேக்குதா?

– காதே கிழியுது, அண்ணே. இந்த வாக்கிடாக்கியோட திருகு ஒடஞ்சு போச்சுன்னு காலையிலயே சொன்னேன்ல? சத்தத்தக் கொறைக்கவும் முடியல, அணைக்கவும் முடியல.

– கெடக்கட்டும். நீ கூடாரத்த விட்டு வெளிய வராத. என் குரல் உனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும். உன்னத் தனியா விடமாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டுத்தான் பாசிர் கூடாங் ஃபேக்டரி வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கேன்.

– சரிலா, ஜீவன் அண்ணே. பயந்தாங்கொள்ளி. மொதல்ல அங்க மரக்கன்னு இருக்கான்னு பாரு. என் மேப்புல அந்த எடத்துல ஒண்ணுகூட இருக்கக் கூடாது.

– இருக்கே. கொத்தா, யாரோ அள்ளிப் போட்ட மாதிரி. எல்லாம் செம்படாக் கன்னு, நம்ம பலா மாதிரியே எலை.

– பக்கத்துல பெரிய செம்படாக் மரம் நிக்குதா?

– எங்க நிக்குது? ஆத்தோரத்துல பாத்தோமே, அது ஒண்ணுதான்.

– அதான் எங்கயோ இடிக்குது. பழம் மரத்தடியில விழுந்தா அங்கதான் கன்னு நெறைய மொளைக்கும், தள்ளிப் போகப் போக கொறையும். என் மாடல் அப்படித்தான் காட்டுது. இவ்வளவு தூரத்துல கொத்து இருக்குன்னு எழுதிக் குடுத்தா ப்ரொஃபசர் என்னையத்தான் மொறைப்பாரு.

– மொறைக்கட்டும். இதோ மேட்டுப் பக்கமா இன்னொரு கொத்து. அதுக்கு அந்தாண்ட இன்னொண்ணு. இது எல்லாத்தையும் விடச் சின்ன கன்னு.

– இரு, புள்ளி வைக்கிறேன்... அண்ணே, இது வட்டமா பரவல. கோடா வருது.

– கோடுன்னா?

– யாரோ நடந்து வந்த மாதிரி.

– ஏய், பயமுறுத்தாத.

– கன்னுக்கு அடியில என்ன இருக்கு? கிண்டிப் பாரு.

– வைக்கோல் மாதிரி நாரு நாரா இருக்கு. காஞ்சு போச்சு.

– அலமாக்! சாணம், அண்ணே. பழத்த முழுங்கிட்டு, நடக்குற வழியெல்லாம் கொட்டையப் போட்டுட்டுப் போயிருக்கு. யானை.

– காட்டுல அது பேரச் சொல்லாத! பெரியவர்னு சொல்லு.

– சரி, பெரியவரு. கன்னு மொளைச்சிருக்குன்னா அவரு வந்து ரொம்ப நாளாச்சு. நீ பதறாத.

– லோஷினி.

– என்ன?

– இங்க ஒண்ணு கெடக்கு. இதுல கன்னு இல்ல, கொட்டை மட்டுந்தான். ஆவி பறக்குது.

– அண்ணே, அங்க நிக்காத! திரும்பி வந்துடு.

– எந்தப் பக்கம்னு திரும்புறது? நேத்து ராத்திரி மழையில எல்லாம் ஒரே சேறு. அந்தக் கோடு எங்கிட்டு போகுதுன்னு மேப்பப் பாத்துச் சொல்லு. நான் எதிர்ப்பக்கமா ஓடிடறேன்.

– இரு, கோட்ட நீட்டிப் பாக்குறேன். ஆத்தோரத்துலேர்ந்து மேடு. மேட்டுலேர்ந்து...

– ஏன் நிறுத்திட்ட? பேசு.

– கூடாரம் போட இந்த எடத்த ஏன் அண்ணே புடிச்ச?

– தரை சமமா இருந்துச்சு. செடி கொடி ஒண்ணுமில்லாம, கூட்டி வச்ச மாதிரி. ஏன்?

– அது பாதை. அவரு நடந்து நடந்து சமமாக்குன பாதை.

– ஐயோ. அந்தப் பழ மூட்டை? கொட்டை எண்ணணும்னு நேத்து பொறுக்கிட்டு வந்தோமே, அது எங்க?

– கூடாரத்துக்குப் பின்னால. பழுத்து மூக்கத் தொளைக்குது.

– அத விட்டுட்டு நீ வெளிய வந்துடு. மெதுவா. சத்தம் போடாம.

– அண்ணே... மூட்டைய யாரோ இழுக்குறாங்க.

– ஓடு! ஆத்துப் பக்கமா ஓடு! லோஷினி, கேக்குதா? நான் வர்றேன், இதோ வந்துட்டேன்!

– உஷ்ஷ்...

– லோஷினி! அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்? ஏதாச்சும் பேசு! லோஷினி!

– கத்தாத, அண்ணே. தும்பிக்கை உள்ள வந்துடுச்சு. பழத்தத் தின்னுட்டு அவரு பாட்டுக்குப் போயிடுவாரு... இந்த வாக்கிடாக்கியில உன் குரல் கேக்குறப்பதான் என் பக்கம் திரும்புறாரு.