கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள்

— ஒரு தாழ்ப்பாளுக்கு ரெண்டு ரூபாவா? சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்றது சரியாத்தான் இருக்கு, பரந்தாம ஆசாரி.

— தாழ்ப்பாளுக்கு இல்ல பீபிம்மா. அத அடிக்க வெத்தல போடற நேரம் போதும். மூணு நாளா உங்க வாசல்ல வெயில்ல உக்காந்துனு கீறேனே, அதுக்கு.

— நான் என்ன செய்றது? வீட்ல ஆம்பள இல்லாதப்போ வெளி ஆளு உள்ள வரக்கூடாது. திரைக்குப் பின்னால நின்னு இவ்ளோ பேசறதே ஜாஸ்தி.

— கோஷா வூட்டு வழக்கம் தெரியாதவனா நானு? ‘தோ, சாயபு வந்துடுவாரு’ன்னு மொத நாள் சொன்னீங்க. நேத்தும் அதே பேச்சு. மேல்விஷாரத்துல கல்யாணக் கட்டில் வேல ஒண்ணு கைவிட்டுப் போச்சு. அதுக்கு யாரு அழுவுறது?

— தோல் விக்க மெட்ராஸ் போனவரு, ரயிலு லேட்டாயிருக்கும். பன்னண்டணா வாங்கிக்குங்க.

— ரெண்டு ரூபாயில காலணா கொறையாது.

— பேஜார் பண்ணாதீங்க ஆசாரி. நேத்து ராத்திரி யாரோ கொல்லக் கதவத் தள்ளிப் பாத்தாங்க. எனக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. கதவுக்கு அம்மிய அண்டக் குடுத்துட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன். இன்னிக்கித் தாழ்ப்பாள் போட்டே ஆவணும்.

— அப்ப கூலியக் குடுங்க. இல்லன்னா ஜியாவுதீன் சாயபு வரட்டும். அவரையே நாயம் கேட்டுக்கறேன்.

— அவரு வரமாட்டாரு.

— இன்னிக்கா?

— என்னிக்குமே. மெட்ராஸ்ல இன்னொரு நிக்காஹ் பண்ணிக்கிட்டு அங்கயே தங்கிட்டாரு. அல்லாவுக்காக இத வெளிய சொல்லாதீங்க. ஆம்பள இல்லாத வீடுன்னு தெரிஞ்சா இந்த ஊரு சும்மா விடாது. ரெண்டு ரூபாய வாசப்படியில வெச்சிட்டேன். நாங்க ரூமுக்குள்ள போய்டறோம், ஜல்தியா வந்து வேலைய முடிங்க.

— இதுல மூடி மறைக்க இன்னாம்மா கீது. கடத்தெரு பூரா தெரியும். எனக்கு மொத நாளே தெரியும்.

— அப்போ கட்டில் வேல?

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பாதி தோல் ஷாப்பு மூடிக் கெடக்குது, எவன் கட்டில் செய்யச் சொல்றான்.

— அவரு வரமாட்டாருன்னு தெரிஞ்சேவா மூணு நாள் உக்காந்திருந்தீங்க?

— ஆம்பள இருக்கற வூட்ல ஒரு தாழ்ப்பாளுக்கு ரெண்டு ரூபா கேட்டா செருப்பால அடிப்பாங்கம்மா.