மூண்டாவது கீபோட்

...இல்லைப் பிள்ளை, நான் கேக்கிறன், விக்கிற நேரம் அதைச் சொல்லேலாதோ? உந்தக் கீபோட்டுக்குள்ள ஸ்பீக்கர் இல்லை மதாம், வேறையா வாங்கிப் பூட்டோணும் எண்டு ஒரு வசனம். வாய் நிறையச் சிரிச்சுக்கொண்டு கதவு மட்டும் வந்து வழியனுப்பத் தெரியுது, அந்த ஒரு வசனம் சொல்லத் தெரியேல்லை... தமிழ்ப் பிள்ளைதானே நீர்? நினைச்சனான். அந்தக் காதில போட்டிருக்கிறதைக் கழட்டும், நான் கதைக்கிறது உமக்குக் கேளாது. கேட்டதோ? சரி, எண்டாலும் கழட்டும்.

என்ர பேர் யோசெப்பின். செயின்ட்-மிஷேலில ஒரு கார்டெரியில வேலை, குழந்தைப் பிள்ளையளைப் பாக்கிறது. இண்டைக்கு இந்தக் கடைக்குக் கீபோட் மாத்த வந்தனான். ரெண்டாந்தரம் மாத்திறன், அந்தக் கவுண்டரில நிக்கிற பெடியன் என்னைக் கண்டவுடனை உள்ளுக்குப் போட்டான். என்ர பெட்டியையும் கொண்டு போயிட்டாங்கள், கீறல் கிடக்கோ எண்டு பாக்கினமாம். மனுசன் தேவதாசன் என்னையும் பெட்டியையும் வாசலில இறக்கிப்போட்டு கார் விட இடம் தேடிப் போனவர். ரோட்டெல்லாம் கிண்டிப்போட்டுச் செம்மஞ்சள் கோன். மனுசன் இப்ப எந்த மெட்ரோவுக்குக் கிட்டச் சுத்திக்கொண்டு திரியுதோ தெரியாது... இரும், இரும், நீர் ஏன் எழும்புறீர்? உந்தக் கீபோட்டைத்தானே வாசிச்சுப் பாக்க வந்தனீர். வடிவா இருந்து பாரும்.

முதல் முதலா வாங்கிறீரோ? வீட்டில இருந்து மெட்டுப் போட? முகத்தில தெரிஞ்சது. நானும் அதுக்குத்தான். ஏன் பாக்கிறீர், எனக்கு மெட்டு வராதோ? அப்ப நான் சொல்லுறதைக் கேளும். ஒருத்தரிட்டையும் யோசனை கேளாதையும். நான் கேட்டுத்தான் இந்தப் பாடு.

முதல் ஆள் றஜிந்தன், தேவதாசன்ர தங்கச்சியின்ர மகன். கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு ஹோலுகளில சவுண்ட் போடுறவன். அவன் சொன்னான், அன்ரி, அறேஞ்சர் எண்டு ஒரு சாதி இருக்கு, அதை எடுங்கோ, இடக்கையால ரெண்டு மூண்டு கட்டையை அமத்தினால் காணும், மிச்ச மேளதாளமெல்லாம் அது தானே வாசிக்கும் எண்டு. கேக்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் என்ர மெட்டு எப்பிடிப்பட்ட மெட்டு? மெல்லமா, மாதாவுக்கு முன்னால மெழுகுதிரியோட நிக்கிற மாதிரி. நான் வலக்கையில ஒரு விரலால அதைத் துவங்கிறன், இடப்பக்கத்தில டங்கு டக்கு, டங்கு டக்கு எண்டு கிளம்பீட்டுது. நிப்பாட்டத் தெரியேல்லை. எங்கட மனுசன் குசினியிலயிருந்து தோளை ஆட்டிக்கொண்டு வாறார், நல்லாயிருக்கப்பா எண்டு. மாதாவின்ர பாட்டுக்குப் பிள்ளை, தோளை ஆட்டுறார். கொண்டு வந்து திருப்பிக் குடுத்தாச்சு.

அடுத்தது அன்டன். எங்கட பங்குக் கோயிலில பாட்டுக்குழு நடத்திறவர். ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு அவர்தான் கீபோட். அவர் வாசிக்கிறதை நீர் பாக்கோணும். வெள்ளைக் கட்டை மட்டுந்தான். பாடுறவை எந்தச் சுருதியில பிடிச்சாலும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமத்திச் சுருதியை மாத்திப்போட்டு, தன்ர வெள்ளைக் கட்டையிலயே வாசிப்பார். கறுப்புக் கட்டையெல்லாம் புதுசு மாதிரி மினுங்கும். அந்த மனுசன் எனக்குச் சொல்லுறார், யோசெப்பின் அக்கா, எடுக்கிறதெண்டால் வேர்க்ஸ்டேஷனா எடுங்கோ, எண்பத்தெட்டுக் கட்டை எடுங்கோ எண்டு. ஒண்டுக்கு மேல ஒண்டாப் பதியலாமாம். முதல்ல புல்லாங்குழல், அதுக்கு மேல வயலின், அதுக்கு மேல மேளம், ஒரு ஆளே முழுப் பாட்டுக்குழுவாம். எனக்கும் ஆசை வந்திட்டுது, பொய் சொல்லேல்லை.

எடுத்தம். ரெண்டு பேரும் மூச்சு வாங்க வாங்கத் தூக்கி, வைக்க இடமில்லாமல் சாப்பாட்டு மேசையில வச்சம். அண்டையில இருந்து மனுசன் சோத்துக் கோப்பையை மடியில வச்சுத்தான் சாப்பிடுறார். வயரைப் பூட்டினால் லைட் எரியுது, படம் தெரியுது, கட்டையை அமத்தினால் ஒண்டுமில்லை. சத்தமே இல்லை. இந்தக் கடைக்கு ஃபோன் பண்ணினன். என்ர பிரெஞ்சு கார்டெரிப் பிரெஞ்சு, பிள்ளை. கையைக் கழுவு, கடியாதை, மூக்கைத் தோண்டாதை, நித்திரை கொள்ளு. அதுக்குள்ள ஒரு கீபோட்டின்ர வருத்தத்தை எப்பிடிச் சொல்லுறது? அது நித்திரையாப் போச்சு, நான் தட்டித் தட்டிப் பாத்தும் எழும்புதில்லை எண்டு சொன்னனான். பேந்துதான் அந்தக் கவுண்டர்ப் பெடியன் கேட்டான், ஸ்பீக்கர் பூட்டினீங்களோ, காதில ஹெட்ஃபோன் போட்டீங்களோ எண்டு.

உமக்குச் சிரிப்பு. சிரியும், சிரியும். நீர் வாயைத் திறந்தது இப்பதான்.

சரி, ஸ்பீக்கர் வாங்கிப் பூட்டலாம் எண்டு வையும். ஆனால் அதில வயலின் எங்கை கிடக்கெண்டே எனக்குப் பிடிபடேல்லை. ஒரு பட்டனுக்குள்ள போனால் அதுக்குள்ள இன்னும் நூறு கிடக்கு. அதுதான் இப்ப நடுத்தரமா ஒண்டு பாப்பம் எண்டு வந்தனான். இண்டைக்கு எடுத்தே ஆகோணும். வாற ஞாயிறு மாதா திருநாள். அதுக்கு முதல் என்ர மெட்டை வயலினோட, புல்லாங்குழலோட பதிஞ்சு, அன்டனுக்கு முன்னால போட்டுக் காட்டி, இது யோசெப்பினின்ர மெட்டு எண்டு சொல்லோணும். இல்லாட்டிப் போச்சு. ஏன் போச்சு எண்டு கேளும்.

றெஜினா எண்டு எங்கட குழுவில முதலாய்ப் பாடுறவ. நல்ல குரல், அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். போன கிழமை பாட்டுப் பழகப் போனால், அவ எழும்பி நிண்டு பாடுறா... என்ர மெட்டு. முழுசா என்ர மெட்டு, பிள்ளை. அன்டன் அதுக்குப் பாட்டு வரியும் எழுதி வச்சிருக்கிறார், திருநாளுக்குக் காணிக்கைப் பாட்டு அதுதானாம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிக்கினம், நானும் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். களவு. வேறை என்ன பேர் இதுக்கு?

எப்பிடி அவவுக்குத் தெரிஞ்சதெண்டோ? அதைத்தான் நானும் யோசிக்கிறன். நான் என்ன ஊரெல்லாம் பாடிக்கொண்டே திரிஞ்சனான்? றஜிந்தனுக்குப் பாடினனான், அது எந்தக் கீபோட் இதுக்குப் பொருந்தும் எண்டு கேக்க. அன்டனுக்கு ஃபோனில பாடினனான், அதுவும் அதுக்குத்தான். தான் இன்னொருக்காக் கேக்கோணுமெண்டு சொன்னபடியால் வட்ஸ்அப்பில பாடி அனுப்பினனான். இந்தக் கடைக்காரப் பெடியனுக்குப் பாடினனான், வெள்ளைக்காரன்தானே, அவனுக்கு என்ன தெரியும். றெஜினாவுக்கு... ஓம், அவவுக்கும் ஒருக்கா. அவவின்ர மகள் பியானோ பழகிறவள், பிள்ளையிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ எண்டு பூசை முடிய பார்க்கிங்கில வச்சுப் பாடிக் காட்டினனான். ஆனால் பாடினால்? பாடினால் எடுக்கலாமோ?

இல்லை, என்ர மெட்டெண்டு சொல்லேல்லை. எங்கட மன்னார்ப் பக்கத்துப் பழைய பாட்டொண்டு, இதை வாசிக்க எது நல்லது எண்டுதான் கேட்டனான். எல்லாரிட்டையும் அப்பிடித்தான். பின்னை எப்பிடிக் கேக்கிறது? இது நான் போட்ட மெட்டெண்டு சொல்ல வாய் வருமே? குழந்தைப் பிள்ளையளுக்குப் பம்பர்ஸ் மாத்திறவ இப்ப மெட்டும் போடுறாவாம் எண்டு பின்னால நிண்டு சிரிப்பினம். எங்கட ஆக்களை உமக்குத் தெரியாது. தெரியுமோ? தெரிஞ்சால் பின்னை ஏன் கேக்கிறீர்.

அது எப்பிடி வந்ததெண்டு உமக்கு மட்டும் சொல்லுறன். கார்டெரியில மத்தியானச் சாப்பாடு முடிய லைட்டை நிப்பாட்டிப்போட்டுப் பிள்ளையளைப் படுக்க வைக்கிறது. ஹெயிட்டிக்காரக் குட்டி ஒருத்தி இருக்கிறாள், கண்ணை மூடவே மாட்டாள், கூரையைப் பாத்துக்கொண்டு கிடப்பாள். முதுகில தட்டித் தட்டி, என்னையறியாமல் ஏதோ முணுமுணுத்தனான். உறங்கீட்டாள். அடுத்த நாள் அதே மெட்டு, இன்னும் கொஞ்சம் நீண்டு வந்தது. வெளியில பனி கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளுக்கு இருட்டு, அந்த மெட்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா வந்தது. பனி உருகேக்கை முழுசா இருந்தது. இப்ப அதைத் துவங்கினால் அறை முழுக்க நித்திரை. அதாலதான் தேவதாசனுக்கும் சொல்லேல்லை. நித்திரையாக்கிற மெட்டைக் கொண்டு போய்ப் பூசையில போடப் போறியோ எண்டு கேட்டு, அதையே வருசம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

இந்தா, கேளும். தன்னன தானன... தான தன்னா... ம்ம்... இதில மேல போகும், பாரும்... தானானா... அவ்வளவுதான். எப்பிடி? தலையை ஆட்டாமல் வாயால சொல்லும்... சரி, விடும்.

மெஷின் இருந்தால் கதை வேறை. வயலினோட வந்தால் ஒருத்தரும் சிரிக்கேலாது. இது ஆர் செய்ததெண்டு அவையளாக் கேப்பினம். அப்ப நான் மெல்லமா... பொறும், ஃபோன் அடிக்குது. அன்டன்தான்.

ஓம் அன்டன், சொல்லும். வெளியிலதான், கடையில... ஓம். ஓம்... ஆர் கேட்டவர், ஃபாதரோ? ஆற்ற மெட்டெண்டு கேட்டவரோ... திரையில போடுற ஸ்லைடில பேர் போடோணுமாமோ... இண்டைக்கே வேணுமோ... ம்... எனக்கெப்பிடி அன்டன் தெரியும்? பழசுதான்... ஓம், சின்னனில கேட்ட ஞாபகம். மன்னார்ப் பழைய மெட்டு எண்டு போடும், வடிவாயிருக்கும்... அன்டன், ஃபோனை வையாதையும், றெஜினாவுக்குச் சொல்லும், அந்த மேல போற இடத்தில மூச்சு விட வேண்டாமெண்டு. அங்கை விட்டால் மெட்டு முறிஞ்சு போகும். முதலே எடுத்து வச்சுக்கொண்டு ஒரே மூச்சில போகோணும். ரெண்டாந்தரம் வரேக்கை இன்னும் மெல்லமா... இல்லை, எனக்கெப்பிடித் தெரியும், பாடினவை அப்பிடித்தான் பாடினவை. சரி. வைக்கிறன்.

பாத்தீரே பிள்ளை? திரையில போடப் போகினம், பங்கு முழுக்கப் பாக்கப் போகுது, என்ர பேர் இல்லை. ஒருத்தருக்கும் மனச்சாட்சி இல்லை... என்ன அப்பிடிப் பாக்கிறீர்? சொல்லியிருக்கலாமோ? எதை வச்சுக்கொண்டு சொல்லுறது? கையில மெஷினே இல்லை, ஃபோனில வாயால சொன்னால் நம்புவினமே? அதுக்குத்தானே பிள்ளை இந்தக் கடையைச் சுத்திச் சுத்தி...

என்ன உது?

நீரோ வாசிக்கிறீர்? ... ம். ... இல்லை, அந்த இடத்தில ஒரு கட்டை கீழ. கறுப்பு... ஓம், அது. அதுதான்.

உது வயலினெல்லோ. எங்கையிருந்து எடுத்தனீர்? ... அந்த ஒரு பட்டனோ.

...

திருப்பி ஒருக்கா விடும். ... உதுக்குள்ள பதிஞ்சிட்டுதோ? இந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளயோ? பின்னால அடிச் சத்தமும் போட்டிருக்கிறீர், மெல்லமா... நான் முதுகில தட்டுற மாதிரி. நான் உமக்கு அதைச் சொல்லவும் இல்லை...

பதிஞ்சதுக்கு மெஷின் பேர் கேக்குதோ? என்ன பேர் எண்டு... நீர் என்ர பேரையோ அடிக்கிறீர்? பொறும், பொறும். எழுத்து சின்னனா வராதோ, இவ்வளவு பெரிசா வருது. ... ஓம், இப்பவே அன்டனுக்கு எடுத்து, ஃபோனைக் கிட்டப் பிடிச்சால் கேக்கும்தான். இன்னும் ஸ்லைட் அனுப்பியிருக்க மாட்டார்தான். ... எனக்கு விளங்குது பிள்ளை. நம்பர் ஃபோனில மேலயே கிடக்கு.

அந்த மேல போற இடம்... நான் நினைச்சிருந்ததை விட வடிவாயிருக்கு.

அந்தா, மனுசன் வாறார். நிப்பாட்டும். பேரை அழியும், கெதியா... எது நிப்பாட்டுற பட்டன்?

இஞ்சருங்கோ, இடம் கிடைச்சுதோ? ... இப்ப கேட்டதோ? ஓமப்பா, அந்தப் பழைய பாட்டுத்தான். இந்தப் பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கு, பாருங்கோவன். ... இல்லையில்லை, இது வேண்டாம். இதில வயலின் நல்லாயில்லை. வாங்கோ, அந்தப் பக்கத்தில இன்னொண்டு கிடக்கு, அதைப் பாப்பம்.