பின்னுக்கு ஓடிய கார்

எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் பஸ்ஸில் கேட்ட பேச்சு இது. முன் இருக்கையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர், சாக்கில் சுற்றிய கியர்பெட்டியை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஊரைச் சேர்ந்த, அவரைவிட மூத்த பெண் ஒருவர்.

“உம்மட கார் இப்ப ஓடுறேல்லையோ, தம்பி?”

“ஓடும் அக்கா. பின்னுக்கு மட்டும்தான் ஓடும்.”

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“போன கிழமை வேலணையில ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவ நோ கண்டிட்டுது. ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டால், முன்னுக்குப் போற கியர் ஒண்டும் விழேல்லை. வேற வாகனமும் இல்லை. றிவேர்ஸ் மட்டும் விழுந்துது. அப்பிடியே ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் பின்பக்கமா ஓடினனான்.”

“ஐயோ! தாயும் பிள்ளையும் சுகமோ?”

“ஓம் அக்கா. பொம்பிளைப் பிள்ளை.”

“மடியில இருக்கிற இது உம்மட காருக்குப் பொருந்துமோ?”

“இது ஒரு வான் வண்டியின்ர கியர்பெட்டி. காரின்ர கீழ்த்தகட்டை வெட்டித்தான் பூட்டவேணும். எப்பிடியும் பூட்டிப்போடுவன்.”

பஸ் பாலத்தைத் தாண்டியதும் அவர் தொடர்ந்தார்.

“எத்தினை பேரை ஆஸ்பத்திரிக்கு ஏத்தியிருக்கிறன் அக்கா. பின்னுக்கிருந்து அழுகிற சத்தம்தான் கேக்கும். அண்டைக்குப் பின்பக்கம் திரும்பினபடி ஓடினதால வழி முழுக்க அவளின்ர முகத்தைப் பார்த்தனான். அவ்வளவு பயம் அந்த முகத்தில. ‘கிட்ட வந்திட்டம் பிள்ளை, கிட்ட வந்திட்டம்’ எண்டு சொல்லிக்கொண்டே ஓடினன்.”

அவர் மடியிலிருந்த கியர்பெட்டியைத் தட்டினார்.

“இதைப் பூட்டினாப் பிறகு, பின்னுக்குப் பார்க்கிற கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைக்கப்போறன்” என்றார் அவர். “பின்னுக்கு இருக்கிற ஆளின்ர முகம் தெரியிற மாதிரி.”