ஒலன்மாவின் க்ரீம் டப்பா

முகம் கழுவியதும் துண்டால் அழுத்தித் துடைக்காதீர்கள், ஐயா. ஒற்றி எடுத்தால் போதும். உங்கள் நெற்றியைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. வறண்ட காற்று வீசும் மாதங்களில் தோல் சீக்கிரம் வெடித்துவிடும்.

என் பெயர் இஜெண்டு. இங்கே அசாபாவில் எடுக்கிற சினிமாப் படங்களுக்கு மேக்கப் போடுகிறேன். அதற்கு வேண்டியதைப் பெரும்பாலும் வீட்டிலேயே செய்துகொள்வேன். செக்கச்செவேலென்ற ஸோபோ பூவைக் காய்ச்சிச் சோளமாவு கலந்தால் ரத்தம். மரவள்ளி மாவையும் வாசலினையும் பிசைந்தால் ஆறாத புண். நான் போட்ட புண்ணைப் பார்த்துச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்த நடிகர்கள் உண்டு.

ஒலன்மா, படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வந்தவள். அந்த முகத்தின் அருமையை முதலில் கண்டவள் நான்தான். புருவம் எடுப்பதிலிருந்து வெயிலில் பவுடர் கரையாமல் பார்த்துக்கொள்வது வரை நான் சொன்னபடிதான் செய்வாள். கதாநாயகி ஆனாள். ஒருநாள் படப்பிடிப்பில் அக்காரா வடையைத் தின்றுகொண்டே சொன்னாள்.

"அக்கா, லாகோஸ்ல பெரிய கம்பெனி கூப்பிட்டிருக்கு. மேக்கப்புக்கு அவங்களே ஆள் வெச்சிருக்காங்களாம். கோவிச்சுக்காதீங்க."

"கோவிக்க என்னடி இருக்கு? போய் நல்லா இரு."

மனதாரத்தான் சொன்னேன். பயணத்துக்கு ஒரு டப்பா க்ரீமும் செய்து கொடுத்தேன். அதில் என்ன கலந்தேன் என்று உங்கள் போலீஸ் பரிசோதனைக்கூடத்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சிவக்கும், லாகோஸ்காரர்கள் தயங்குவார்கள், அவ்வளவுதான் நினைத்தேன்.

அப்படியே நடந்தது. திரும்பி வந்து என் மடியில் படுத்து அழுதாள். திட்டுத் திட்டாகத் தோல் உரிந்திருந்தது. அதன்மேல் நான் மேக்கப் போட்டதும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நீங்க இல்லன்னா நான் என்னக்கா ஆவேன்," என்றாள். அப்படி அவள் அதுவரை சொன்னதில்லை. க்ரீமை விடாமல் பூசச் சொன்னேன்.

அவள் தமக்கை உரென்னாதான் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். ஒரு மதியம் டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"இதை நிறுத்தினா ஆறுது. பூசினா வெடிக்குது. அது எப்படிக்கா?"

"தோல் பழகணும்மா."

"அப்ப நீங்க பூசிக் காட்டுங்க."

ஒரு விரல் நிறைய எடுத்து இடது கன்னத்தில் பூசிக்கொண்டேன். அவள் போகிற வழியாகக் காணோம். எதிரிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு போட்டேன், சாப்பிட்டாள். கன்னம் எரிந்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் கிளம்பிப் போனாள்.

மறுநாள் கன்னம் கொப்பளித்திருந்தது. ஆறாத புண்ணைச் செய்யத் தெரிந்தவளுக்கு அதை மறைக்கத் தெரியாதா? மழமழவென்ற கன்னத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். உரென்னா வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "மன்னிச்சுக்கோங்கக்கா. தப்பா நெனச்சுட்டேன்," என்று சொல்லி, தங்கையின் கையில் அவளே டப்பாவைக் கொடுத்தாள்.

இந்தத் தடவை க்ரீம் கண்ணுக்குள் போய்விட்டது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உரென்னா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதாள். நிமிர்ந்தபோது என் நிறம் அவள் முகத்தில் ஒட்டியிருந்தது. என் கன்னத்தில் புண் தெரிந்தது. அவள் கத்தவில்லை. "நீங்களா," என்றாள். ஆமாம் என்றேன். அதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். நான்தான் செய்தேன்.

ஒலன்மாவுக்கு இடது கண் இனித் தெரியாது என்கிறார்கள். கட்டுப் பிரிக்கிற அன்று என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், ஐயா. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பயந்துவிடுவாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.